பொரிக்காரி வறுத்த வெள்ளை மணி

சிதம்பரத்தில் தேரடிக்குத் தெற்கே திரும்பினால் அப்போதெல்லாம் சுட்ட மணல் வாசனை மூக்கில் ஏறும். அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் தில்லையம்மாளின் அடுப்படியில் போய் நிற்கலாம். அண்ணன் நடனசபாபதி வீட்டுக் கொல்லையில் ஓலைச் சார்ப்பு. அதன் கீழே பெரிய இரும்புச் சட்டி, சட்டி நிறையக் கறுத்த மணல், அவள் கையில் ஒரு ஈர்க்குக் கட்டு. உப்புத் தண்ணீர் தெளித்த அரிசியை மணலில் கொட்டி இரண்டு தள்ளு தள்ளுவாள். அரிசி பூவாய் எழும்பி நிற்கும். மூன்றாவது தள்ளலில் எல்லாம் சல்லடைக்கு வந்துவிடும். ஒரு மணி கருகாது, ஒரு மணி விறைத்துக் கிடக்காது.

நல்ல நெட்டையான பொம்பளை. நாற்பதைத் தொட்டும் தலையில் ஒரு நரை கிடையாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “அடுப்பு அணையட்டும், பாக்கலாம்” என்பாள். அடுப்பு அணையவே இல்லை. அவளை முரட்டுப் பிடிவாதக்காரி என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். பிடிவாதம் இல்லாதவள் நெருப்புக்குப் பக்கத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருக்க முடியாது.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. வறுத்த பொரியைச் சூட்டோடு மூட்டை கட்டக்கூடாது. பாயில் பரப்பி ஆறவிட்ட பிறகுதான் கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும், வேர்த்தால் நமுத்துப் போகும். அவசரம் என்று எந்த வியாபாரி வந்து நின்றாலும், “ஆறட்டும்” என்று ஒரு சொல்தான். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த அடுப்படி அவளுடையது என்று அவள் நினைத்திருந்தாள். இடம் அண்ணனுடையது. அண்ணி சௌந்தரத்துக்கு ரொம்ப நாளாக அந்த மூலையில் மாட்டுக்கொட்டகை போட ஆசை. “புகையில என் புடவையெல்லாம் கறுத்துப் போவுது” என்பாள். “புடவ வாங்கும்போதே கறுப்புதான் அண்ணி” என்பாள் இவள். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அறுபத்து நாலாம் வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்கு அக்கா பூவம்மாளும் அக்கா வீட்டுக்காரர் கொளஞ்சியப்பனும் கடலூரிலிருந்து வந்திருந்தார்கள். கொளஞ்சியப்பன் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், ஒரு சின்னக் கம்பெனியில் பிட்டர். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து இரும்புச் சிலிண்டரில் அடைக்கிற கம்பெனி அது. படகு, லாஞ்சுகளுக்கு வெல்டிங் வைக்கிறவர்களும் மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியும் அங்கேதான் சிலிண்டர் எடுப்பார்கள்.

தேர் பார்த்துவிட்டு வந்த கொளஞ்சியப்பன் சார்ப்பு ஓரம் குந்திக்கொண்டு பொரியை அள்ளி அள்ளித் தின்றார். தின்றுகொண்டே சட்டியைப் பார்த்தார். பிறகு தின்பதை நிறுத்திவிட்டார்.

“தில்ல, எப்பிடி இது ஒண்ணுகூட கருகல?”

“சூடு எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி போவணும் மாமா. அவ்ளோதான்.”

“எங்க கம்பெனில வந்து ஒண்ணு வறுத்துக் குடுக்கிறியா?”

“கம்பெனில பொரி எதுக்கு?”

“பொரி இல்ல. மணி.”

அவர் விளக்கிச் சொன்னார். காற்றை அமுக்கி, குளிரவைத்து, தண்ணீர் மாதிரி ஆக்குகிறார்களாம். அதற்கு முன்னால் காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துவிட வேண்டும். ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்பு உருளை இருக்கிறது. அதை டிரையர் என்பார்கள். உள்ளே மிளகு பருமனில் வெள்ளை வெள்ளையாக அலுமினா மணி. காற்று அதன் வழியாகப் போகும்போது மணி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். குடித்துக் குடித்து வயிறு நிறைந்ததும் வறுக்க வேண்டும். குடித்ததையெல்லாம் ஆவியாக விட்டுவிட்டு மறுபடி புதுசாகிவிடும். ஒரு டிரையர் வேலை செய்யும்போது இன்னொன்று வறுபடும். வறுக்கிறதுக்கு என்று கூடவே ஒரு மின்சார ஹீட்டர் இருந்தது. அது எரிந்து போய்விட்டது. புதுசு சீமையிலிருந்து வரவேண்டும், அதற்கு லைசென்ஸ் கிடைக்க நாளாகும். அதுவரை தார் டிரம்மை இரண்டாக வெட்டி, அதில் மணியைக் கொட்டி, ஆளாளுக்குக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தில்லையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “காத்தத் தண்ணியாக்கறீங்களா? யாரு காதுல பூ வைக்கிற மாமா?” என்றாள்.

ஆனாலும் ஆடி பிறந்ததும் போனாள். மணியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கொஞ்சம். அண்ணி முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்ற ஆசை மிச்சம்.

கம்பெனியில் எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஞானசேகரன் என்கிற இன்ஜினியர். முப்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி, அதிராத பேச்சு. அவளைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி, “தலையில எண்ணெய் வச்சிருக்கீங்களா?” என்பதுதான். பிராணவாயு இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் தீப்பிடித்துக்கொள்ளுமாம். “அடுப்பு, காம்பவுண்டோட அந்தக் கடைசில. எண்ணெய்க் கையோட இந்தப் பக்கம் வரவே கூடாது” என்றார். அன்றோடு தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். வெறும் சீயக்காய்தான்.

காம்பவுண்டின் கடைசியில் தகரக் கொட்டகை. அதை ஒட்டி ஓடு போட்ட ஒரு அறை. பழைய சாமான் கிடந்த அறை அது. பெருக்கித் துடைத்து அவளுக்குக் கொடுத்தார்கள். அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு நாதாங்கி, நாதாங்கிக்குப் பித்தளைப் பூட்டு. உள்ளே மூலையில் சமைக்கத் தனி அடுப்பு. தில்லையம்மாள் பூட்டைக் கையில் வாங்கித் திருகிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தன் கையால் பூட்டித் தன் கையால் திறக்கிற கதவு அவளுக்கு இருந்ததில்லை.

“இது தற்காலிகம்தாம்மா,” என்றார் ஞானசேகரன். “அடைமழைக் காலம்தான் எங்களுக்குப் பரீட்சை. கடல் காத்துல ஈரம் ஜாஸ்தி. மழை முடியற வரைக்கும் பிளான்ட் நிக்காம ஓடிச்சின்னா, மொதலாளிகிட்ட சொல்லி உங்கள நிரந்தரமா வச்சுக்கறேன். ரூமும் உங்களோடதுதான்.”

“நின்னுச்சுன்னா?”

“ஹீட்டர் வர்ற வரைக்கும் மூடிடச் சொல்லுவாரு.”

மறுநாளே சட்டியை ஏற்றினாள். சவுக்கு விறகு. மணல் இல்லை, வெறும் மணிதான். ஒரு சட்டிக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்துக்கொண்டாள். ஈர்க்குக் கட்டால் அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்து, மேலே இருப்பதை அடிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள். முதலில் மணியிலிருந்து இட்லிப் பானையில் வருவது போல ஆவி வந்தது. ஆவி அடங்கினதும் நாலு அரிசியை மேலே போட்டாள். அது பொரிந்து பூத்தது. பொரியைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே நிறுத்தி, விறகைக் கூட்டாமல் குறைக்காமல், வெயில் உச்சிக்கு வரும்வரை கிண்டினாள். ஞானசேகரன் வெப்பமானியைச் செருகிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்து சட்டியின் நாலு மூலையிலும் செருகிப் பார்த்தார். எல்லா மூலையிலும் ஒரே சூடு.

“பொரிச் சூடும் இதுக்கு வேண்டிய சூடும் ஒண்ணாவே இருக்கு பாருங்க,” என்று கொளஞ்சியப்பனிடம் சிரித்தார். அவள் வறுவலில் அவருக்கு அன்றே நம்பிக்கை வந்துவிட்டது.

தகராறு அதற்குப் பிறகுதான். தில்லையம்மாள் தரையில் தகரத்தை விரித்து மணியைப் பரப்பினாள்.

“பரப்பாதீங்கம்மா. சூட்டோட டப்பால போட்டு மூடிடுங்க.”

“சூட்டோட மூடினா வேர்க்கும் தம்பி.”

“வேர்க்காது. அதுல இருக்கற தண்ணியெல்லாம் போயிடுச்சு.”

“எந்தப் பொருளா இருந்தாலும் சூட்டோட மூடினா வேர்க்கும். நான் பாவாடை கட்டின நாள்லேர்ந்து வறுக்கறேன்.”

“இது பொரி இல்லம்மா.”

“அது தெரியும். பொரின்னா தின்னுருப்பீங்களே.”

அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். தில்லையம்மாள் விடவில்லை. ஒரு காலி பிஸ்கெட் டப்பாவைத் தேடி எடுத்து, சட்டியில் மிச்சமிருந்ததில் ஒரு கரண்டி மணியைக் கொதிக்கக் கொதிக்க உள்ளே போட்டு, மூடியை அறைந்து சாத்தினாள். “ஆறினதும் நீங்களே தெறந்து பாருங்க. மூடில தண்ணி முத்து முத்தா நிக்கும். அப்ப பேசுவோம்” என்று அறைக்குள் பரண்மேல் வைத்தாள். அன்று சாயங்காலம் ஞானசேகரனை மெட்ராஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது டப்பாவை இருவருமே மறந்திருந்தார்கள். மறந்ததற்குக் காரணம் உண்டு. பிளான்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வறட்சியாக வீசியது, மணி ஆறுகிற நேரத்துக்குள் குடிக்க அதில் பெரிதாக ஈரமில்லை. ஆவணியும் போயிற்று, புரட்டாசியும் போயிற்று. ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்திச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று இன்ஜினியரும் விட்டுவிட்டார்.

ஐப்பசியில் காற்று திரும்பியது. கடலிலிருந்து வந்து முகத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. கயிற்றில் போட்ட புடவை மூன்று நாளாகியும் காயவில்லை. உப்பு ஜாடியில் உப்பு கசிந்து நின்றது. அப்படி ஒரு காலையில் சிலிண்டருக்குப் போகிற வாயு குறைந்து குறைந்து நின்றே போயிற்று. காற்றைத் தண்ணீராக்குகிற குளிர்ப்பெட்டிக்குள் அது போகிற வழியில் ஒரு வால்வு இருக்கிறது. ஊசித் துளை மாதிரி அதன் தொண்டை. ஈரம் கொஞ்சம் தப்பி உள்ளே போனாலும் அங்கே வந்து ஐஸாக உறைந்து அடைத்துக்கொள்ளும். பெட்டி முழுவதையும் சூடுகாட்டி இளக்கி, மறுபடி குளிரவைத்து, வேலை தொடங்க இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரிக்குப் பாண்டிச்சேரியிலிருந்து சிலிண்டர் வரவழைத்துக் கொடுத்தார்கள்.

“மணி சரியா காயல,” என்றார் ஞானசேகரன்.

“என் சூட்டுல குத்தம் சொல்லுங்க பாக்கலாம். நாலு மூலையும் நீங்கதானே பாத்தீங்க. மாமா வால்வுலதான் கோளாறு. அவரு சரியா முடுக்கலை.”

கொளஞ்சியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏ தில்ல, உன்னை இங்க இட்டாந்ததே நான்” என்றார்.

“இட்டாந்துட்டா வால்வு முடுக்கிக்குமா?”

ஞானசேகரன் வால்வைக் கழற்றிப் பார்த்தார், கோளாறு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கொளஞ்சியப்பன் பேரில் சந்தேகம் விழுந்தது விழுந்ததுதான். மெட்ராஸ் முதலாளியிடமிருந்து போன் வந்தது. இன்னொரு தடவை நின்றால் ஹீட்டர் வருகிற வரைக்கும் மூடிவிடச் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே அண்ணி சௌந்தரம் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கு வந்தவள், ரிக்‌ஷா வைத்துக்கொண்டு கம்பெனிக்கே வந்து இறங்கினாள். கொட்டகையைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள்.

“இன்னா தில்ல, பொரி வறுக்கறத வுட்டுட்டுக் கல்லு வறுக்கறியாமே.”

“கல்லு இல்ல அண்ணி. மணி.”

“திங்கறதா?”

“இல்ல.”

“விக்கறதா?”

“இல்ல.”

“அப்பறம் எதுக்குடி வறுக்கற?”

“மறுபடி வறுக்கறதுக்கு” என்றாள் தில்லையம்மாள். அண்ணிக்கு அது விளங்கவில்லை. விளங்காததை அவள் பொருட்படுத்துவதும் இல்லை.

“உன் அடுப்படில மாடு கட்டியாச்சு. கறவ மாடு. உன் மாமா சொன்னாரு, கம்பெனிய மூடிருவாங்க போலன்னு. வந்தா கூடத்துல ஒரு ஓரமாப் படுத்துக்க, யாரு வேணாங்கறா. எனக்கும் கைக்கு ஒத்தாச. சாணி அள்ள ஆளே அகப்பட மாட்டேங்குது.”

அண்ணி போன பிறகு தில்லையம்மாள் வெகு நேரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பொரிச்சட்டி ஏற்றின இடத்தில் மாடு படுத்திருக்கும். கூடத்து ஓரம், அண்ணி போடுகிற சோறு, விடிந்தால் சாணிக் கூடை. இந்த மழை முடிகிறவரை பிளான்ட் இனி நிற்காமல் இருந்தால் பூட்டு அவளுடையது. நின்றால் சாணிக் கூடை அவளுடையது.

அப்போதுதான் டப்பா ஞாபகம் வந்தது. ஞானசேகரன் வாயை அடைக்க அது ஒன்று போதும் என்று தோன்றியது. மூடியில் நிற்கிற வேர்வையைக் காட்டி, கோளாறு மணியில் இல்லை, வால்வில்தான் என்று ஒரேயடியாக நிரூபித்துவிடலாம். பரணிலிருந்து இறக்கினாள். துருப்பிடித்து இறுகிக் கிடந்த மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள்.

மூடியின் உட்புறம் ஒரு பொட்டு ஈரமில்லை. விரலால் வழித்துப் பார்த்தாள். சுட்ட ஓடு மாதிரி உலர்ந்திருந்தது.

மணியை எடுக்கக் கையை விட்டாள். பாத்திரம் கழுவின ஈரக் கை. மணி உள்ளங்கையில் பட்டதும் அப்பிக்கொண்டு உறிஞ்சியது. அட்டை பிடித்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி உள்ளங்கையில் சூடு ஏறியது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. அடுப்பில் இல்லை, வெயிலில் இல்லை, ஆடி மாதத்திலிருந்து பரணில் கிடந்த மணி. கையில் இருந்த ஈரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கொட்டகைக்கு ஓடினாள். அன்று காலை வறுத்துத் தகரத்தில் பரப்பி ஆறவைத்திருந்த மணியில் ஒரு பிடியை, கையை மறுபடி நனைத்துக்கொண்டு எடுத்தாள். அது கூழாங்கல் மாதிரி சும்மா கிடந்தது. கடிக்கவில்லை. சூடேறவில்லை. ஆறுகிற நேரத்திலேயே கடல் காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு, வயிறு நிறைந்து படுத்திருந்தது. காலையெல்லாம் நெருப்பில் வெந்து அவள் வெளியேற்றியதை, அவளே பாய் விரித்துத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள்.

தகரத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவாடை கட்டின நாளிலிருந்து வைத்திருந்த சட்டம் அது. அம்மா சொல்லிக் கொடுத்தது, அம்மாவுக்கு அவள் அம்மா சொன்னது.

அந்த நேரம் அங்கே யாருமில்லை. டப்பாவைப் பழையபடி மூடிவிட்டு, நாளையிலிருந்து சத்தமில்லாமல் சூட்டோடு மூட ஆரம்பித்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. வால்வுக்காரன் மேல் விழுந்த பழி வால்வுக்காரன் மேலேயே கிடந்திருக்கும். எத்தனை பேர் அப்படிச் செய்திருப்பார்கள் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். தில்லையம்மாள் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, டப்பாவைப் புடவைக்குள் பொத்தி, மழையில் நேரே மிஷின் ரூமுக்குப் போனாள். ஞானசேகரன் இருந்தார், கொளஞ்சியப்பன் இருந்தார், சிலிண்டர் உருட்டுகிற ஆட்களும் இருந்தார்கள்.

“தம்பி, கைய நனைச்சிட்டு இதுல வுடுங்க.”

விட்டார். “நல்லா உறிஞ்சுதே. இது எப்ப வறுத்தது?”

“ஆடில. உங்கள மடக்கறதுக்கு மூடி வச்சது. நீங்க சொன்னதுதான் சரி. உங்க பொட்டிய அடச்சது நான்தான். மாமா வால்வு இல்ல.” கொளஞ்சியப்பன் பக்கம் திரும்பினாள். “மாமா, நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாலயும் சொன்னேன், எல்லார் முன்னாலயும் எடுத்துக்கறேன்.”

கொளஞ்சியப்பன் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “உங்கக்காகிட்ட சொல்லாத தில்ல. நீ தப்புன்னு ஒத்துக்கிட்டன்னா நம்ப மாட்டா, நான் குடிச்சிட்டு ஒளர்றேம்பா” என்றார்.

ஞானசேகரன் மட்டும் சிரிக்கவில்லை. “அன்னிக்கே நான் அந்த டப்பாவத் தெறந்து காமிச்சிருக்கணும். நானும் விட்டுட்டேன்” என்றார்.

மறுநாளிலிருந்து எல்லாம் மாறியது. இறுக மூடுகிற பெயிண்ட் டிரம்களைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் சுட்டு எடுத்தார்கள். மூடிக்கும் வாய்க்கும் நடுவே என்ன வைப்பது என்று பேச்சு வந்தது. கொளஞ்சியப்பன், “பானைக்குப் பூசற மாதிரி களிமண்ணக் கொழச்சுப் பூசிடலாமே” என்றார்.

“எதுல கொழைப்ப மாமா?”

“தண்ணிலதான்.”

சொல்லி முடித்ததும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைசியில் இன்ஜினியர் சூடு தாங்குகிற கல்நார்க் கயிறு கொண்டுவந்து கொடுத்தார். சட்டியிலிருந்து நேரே டிரம்முக்கு, கொதிக்கக் கொதிக்க. கயிறு சுற்றி, மூடி அறைந்து, மேலே கல். ஆறினதும் டிரையர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் திறக்க வேண்டும். திறந்ததும் முதல் வேலை, தில்லையம்மாள் கையை நனைத்து ஒரு பிடி எடுப்பாள். கடித்தால் உள்ளே போகும். கடிக்காவிட்டால் சட்டிக்குத் திரும்பும். அவள் “கடிக்குது” என்று சொன்ன பிறகுதான் ஏணியில் ஆள் ஏறும்.

கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டது. கெடிலத்தில் வெள்ளம், ரோட்டில் முழங்கால் தண்ணீர், பாண்டிச்சேரிக்குப் போக வழியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து நின்றான். கையிருப்பு அன்றைக்கு மட்டும்தான் காணும், மழைக்கு மூச்சு முட்டி வந்த கிழடு கட்டைகளும் குழந்தைகளும் வார்டு நிறைய என்றான். டிரையரில் மணி மாற்ற வேண்டிய காலை அது. டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தில்லையம்மாள் பார்த்தாள். ஒன்றில் கயிறு நழுவி, மூடி விரற்கடை தூக்கிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் அப்படியே இருந்திருக்கிறது.

கையை நனைத்து விட்டாள். எடுத்தாள். மறுபடி விட்டாள்.

“கடிக்கல மாமா.”

“கொஞ்சமாவது கடிக்குதில்ல?”

“பல்லு போனவ கடிக்கற மாதிரி கடிக்குது.”

“அம்மா, மத்த டிரம்மெல்லாம் நல்லாருக்கே,” என்றார் ஞானசேகரன். அவர் குரல் அன்றுதான் முதல் முறையாக உயர்ந்தது. “கலந்து போட்டா தாங்கும். இப்ப ஆரம்பிச்சாதான் சாயங்காலம் சிலிண்டர் போகும். ஆஸ்பத்திரி ஆளு நிக்கறான் பாருங்க.”

“இப்ப ஆரம்பிச்சு மத்தியானம் ஒறஞ்சிடுச்சுன்னா? இன்னிக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல, நாளன்னிக்கும் இல்ல. அப்ப அந்தக் கொழந்தைங்களுக்கு இன்னா சொல்லுவீங்க?”

“லேட்டானா பழி உங்க மேலதான் வரும். தெரியுதா?”

“வரட்டும். வறுத்தது நான்தானே.”

ஏணிக்கும் டிரையருக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள். நெட்டை உடம்பு, ஈரப் புடவை, தோளில் ஈர்க்குக் கட்டு. ஆடி மாதத்தில் தப்பான பக்கம் நின்றபோது எப்படி அசையாமல் நின்றாளோ, அப்படியேதான் இப்போதும் நின்றாள். ஞானசேகரன் குழாயடிக்குப் போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்து, தானே அந்த டிரம்மில் விட்டார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஈரம் அப்படியே இருந்தது.

“அடுப்பப் பத்த வைங்க” என்றார்.

நனைந்த சவுக்கு பற்றவில்லை. ஆஸ்பத்திரி ஆள் கூட வந்து குந்தி ஊதினான். கொளஞ்சியப்பன் தான் உட்காருகிற பெஞ்சையே பிளந்து போட்டார். இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விறகு தள்ளினார். தில்லையம்மாள் மட்டும் அவசரப்படவில்லை. ஆவி அடங்கிற்று. அரிசி பூத்தது. அப்புறமும் கிண்டினாள். “போதாதா?” என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் தெரிந்ததுதான். அன்று மணி முழுசாக ஆற நேரமில்லாததால், டிரம்மில் மூடிவைத்து இளஞ்சூடு வந்ததுமே டிரையருக்குள் கொட்டி மூடினார்கள்.

விளக்கு வைத்த நேரத்துக்கு முதல் சிலிண்டர்கள் வண்டியில் ஏறின. வால்வு உறையவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை, மார்கழிப் பனி இறங்குகிறவரை ஒரு நாளும் இல்லை.

தைப் பொங்கல் கழித்து ஞானசேகரன் அறை வாசலுக்கு வந்தார். மெட்ராஸிலிருந்து சம்மதம் வந்துவிட்டது என்றார். பூட்டுக்கு இரண்டாவது சாவி ஒன்று ஆபீசில் இருந்தது. அதையும் அவளிடமே கொடுத்துவிட்டார். தில்லையம்மாள் இரண்டு சாவியையும் ஒரே கயிற்றில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று மத்தியானம் ஒரு காரணமும் இல்லாமல் நாலைந்து முறை கதவைப் பூட்டித் திறந்ததாகப் பூவம்மாள் சொல்லிச் சிரித்தாள்.

சீமை ஹீட்டர் பங்குனியில் வந்து சேர்ந்தது. தினசரி வறுவல் நின்றது. ஆனாலும் மணியை அவ்வப்போது வெளியே எடுத்துத் தூள் சலிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அவள் கை கடிபட்டுத்தான் உள்ளே போகும். மின்சாரம் நிற்கிற நாளில் சட்டி ஏறும். அவளை யாரும் போகச் சொல்லவில்லை.

சித்திரையில் சிதம்பரத்திலிருந்து ராமாமிர்தம் என்கிற ரசாயன வாத்தியார் ஒருவர் தேடி வந்தார். அவரிடமும் இதே மணி இருந்தது, ஆனால் கரி மாதிரி கறுத்து. சாராய ஆவியைச் சூடான மணியின் மேல் ஓட்டினால், அது தண்ணீரை உதறிவிட்டு எரிகிற வாயுவாக மாறிவிடுமாம். மணி கூட இருந்து மாற்றிவிடுமே தவிர, தான் செலவாகாது. நாளாக ஆக மேலே கரி மட்டும் படிந்துவிடும். “சாராயத்தக் குடிச்சா யாருதான் கறுக்க மாட்டாங்க” என்றார் கொளஞ்சியப்பன்.

இதற்குப் பொரிச் சூடு போதாது, இரும்பு மங்கலாகச் சிவக்கிற சூடு வேண்டும், பளபளவென்று வெளுக்கச் சிவந்தால் மணி செத்துவிடும் என்று வாத்தியார் சொன்னார். இந்தத் தடவை தில்லையம்மாள் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் ஒரே ஒரு பிடியைத் தனியாக எடுத்து, கொல்லன் துருத்தி வைத்துச் செத்துப்போகிற சூட்டுக்குக் காட்டினாள். ஆறினதும் நனைத்த கையில் வைத்துப் பார்த்தாள். நல்ல வெள்ளை, முத்து மாதிரி. கடிக்கவே இல்லை. “சரிதான் ஐயா, செத்துடுச்சு” என்று அவரிடம் நீட்டினாள். மிச்சத்தை மங்கல் சிவப்பில் வைத்துக் கரியை எரித்து, வெள்ளையாக்கி, சூட்டோடு மூடிக் கொடுத்தாள். அதன் பிறகு வருஷம் தோறும் சிதம்பரத்திலிருந்து கறுப்பு மணி வரும், வெள்ளை மணி போகும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஞானசேகரன், “வெளில பொரி வாங்க வேணாம்மா, நீங்களே வறுத்துடுங்க” என்றார். சட்டியில் மறுபடி மணல் ஏறியது. அரிசி பூத்தது. அண்ணன் நடனசபாபதியும் சௌந்தரமும் கூட வந்திருந்தார்கள். மாடு கன்று போட்டிருந்தது, சீம்பால் கொண்டுவந்திருந்தாள் அண்ணி. அறையை எட்டிப் பார்த்து, “காத்தோட்டமாத்தான் இருக்கு” என்றாள். சௌந்தரம் வாயில் அது பெரிய சொல்.

தில்லையம்மாள் பொரியைப் பாயில் பரப்பினாள். பிறகு என்ன தோன்றியதோ, ஒரு படி பொரியைச் சூட்டோடு அந்தப் பழைய பிஸ்கெட் டப்பாவில் போட்டு மூடினாள். பூஜை முடிந்து சந்தனம் கொடுத்தானதும், எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து மூடியைத் திறந்தாள். மூடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஒரு பொரியை எடுத்து ஞானசேகரன் கையில் வைத்தாள். அவர் வாயில் போட்டு மென்றார். பஞ்சு மாதிரி நமுத்துப் போயிருந்தது.

“பாத்தீங்களா தம்பி?” என்றாள். “எங்கம்மா சொன்னதும் தப்பில்ல.”

பாயில் ஆறின பொரியை முறத்தில் அள்ளி எல்லாருக்கும் கொடுக்கப் போனாள். இடுப்பில் சாவிகள் ஒன்றோடொன்று உரசின.